வையாபுரியின் கனம்

ரிக்கு வையாபுரியைக் கட்டிலிலிருந்து தூக்க முதலில் நான்கு பேர் வந்தார்கள், நான்கு பேரால் ஆகவில்லை என்று எட்டுப் பேர் வந்தார்கள், எட்டுப் பேராலும் ஆகவில்லை என்று அவருடைய வண்டிகளில் இரும்புக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து பழகிய ஆட்கள் பன்னிரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள், அவர்களாலும் அவருடைய சுண்டுவிரலைக்கூடக் கட்டிலை விட்டுப் பிரிக்க முடியவில்லை. செத்த உடம்பு கனக்கும் என்பது செம்மண்கரட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆகவே யாரும் பயப்படவில்லை. மூச்சு வாங்கினார்கள், மோர் குடித்தார்கள், இன்னும் நாலு பேரைக் கூப்பிடலாமா என்று யோசித்தார்கள்.

அது கொலை என்பது அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கோழிக்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு இரண்டரை மணிக்குப் படுத்தவர், நாலு மணிக்குக் காபி கொண்டுபோன சாந்தாமணியின் குரலுக்கு எழவில்லை. சாந்தாமணி அவருடைய மகள், வயது நாற்பத்தொன்று. புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டதால் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு திரும்பி வந்து, அன்றிலிருந்து அந்த வீட்டு அடுப்படியைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் டம்ளரை வைத்துவிட்டு அப்பாவின் கழுத்தைப் பார்த்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு சிவந்த கோடு ஓடியது. கட்டிலுக்குக் கீழே பச்சைக் கரைத் துண்டு ஒன்று முறுக்கு அவிழாமல் கிடந்தது. அது யாருடைய துண்டு என்று அவளுக்குத் தெரியும். காலையில் அவள்தான் அதைத் துவைத்துக் கொடியில் போட்டாள். அது தம்பி மோகனசுந்தரத்தின் துண்டு.

வையாபுரிக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் பதினான்கு, அதனால்தான் பெயருக்கு முன்னால் ரிக்கு. தண்ணீர் வற்றிய ஊர் எங்கெங்கே உண்டோ அங்கெல்லாம் அவர் வண்டி போய் நின்றது, வடக்கே யாருக்கும் பெயர் சொல்ல வராத ஜில்லாக்களில் எல்லாம் அவர் பெயர் எழுதிய வண்டி பூமியைக் குடைந்தது. ஊரில் பாதி வீட்டில் அவரிடம் சம்பளம் வாங்கியவர்கள் இருந்தார்கள், மீதி வீட்டில் அவரிடம் திட்டு வாங்கியவர்கள் இருந்தார்கள். அவருடைய வீட்டிலோ யார் எப்போது சாப்பிடுவது, யார் எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போவது, எந்த அறையில் மின்விசிறி சுற்றுவது என்பதுவரை அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. கோபப்பட வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்பட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் காவல்காரர் இருந்தார், வெளியாள் யாரும் உள்ளே வரவில்லை என்று அவர் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார். வீட்டுக்குள் இருந்தவர்கள் நாலே பேர். பெண்டாட்டியையும் இரண்டு பெண்களையும் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டு முன்னறையில் ஏதோ பத்திரங்களைப் படித்துக்கொண்டிருந்த மூத்த மகன் தனபால். அடுப்படியில் சாந்தாமணி. நடுவறையில் பாய் விரித்துப் படுத்திருந்த அவர் மனைவி பாவாயம்மாள், வயது அறுபத்தெட்டு, டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தளும்புகிற அளவுக்குக் கை நடுக்கம். பிறகு இளையவன் மோகனசுந்தரம், அவனுக்கு இருபத்தொன்பது. காலையில் அவன் அப்பாவோடு சண்டை போட்டதை ஊரே கேட்டது. வடக்கே ஒரு தோண்டுமிடத்தில் காற்றழுத்த எந்திரம் வெடித்து இரண்டு கூலியாட்கள் செத்திருந்தார்கள். அந்த எந்திரம் ஆகாது, மாற்ற வேண்டும் என்று அவன் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு உசுரு போச்சுங்களே என்று அவன் கத்தியது மூன்று வீடு தாண்டிக் கேட்டது. அப்பா சொன்ன பதில் யாருக்கும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு அவன் பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனான், ஆறு மணிக்குத் திரும்பி வந்தான், எங்கே போனாய் என்று கேட்டதற்குச் சும்மா ரோட்டில் போனேன் என்றான். அன்று சாயந்தரமே அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

உடம்பை ஆஸ்பத்திரிக்கு எடுக்க முடியாததால் டாக்டர்தான் உடம்பைத் தேடி வந்தார். திங்கட்கிழமை கிரேன் வந்தது. அறையின் கூரையைப் பிரித்து, வையாபுரியின் இடுப்பில் பட்டை வார் மாட்டி, கிரேன்காரர் நெம்புகோலை இழுத்தபோது கிரேனின் பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின, வையாபுரி எழும்பவில்லை. அதில் ஒரு விசேஷம் என்னவென்றால், இத்தனை கனத்துக்கும் அந்தத் தேக்குக் கட்டில் ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றது, தலையணை சாதாரணமாக ஒருவர் தலை வைத்த அளவுக்கே குழிந்திருந்தது, அவர் கன்னத்தில் உட்கார்ந்த ஈ வழக்கம்போல உட்கார்ந்து எழுந்தது. வாடையும் வரவில்லை. கிரேன்காரர் வாடகையில் பாதி மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை காலையில் செம்மண்கரட்டில் ஒரு பேச்சு இருந்தது. முதலில் யார் சொன்னார்கள் என்று பிற்பாடு எவ்வளவு விசாரித்தும் தெரியவில்லை. கொன்ற கைக்குத்தான் அந்த உடம்பு எழும்பும் என்பதே அந்தப் பேச்சு. மதியத்துக்குள் அது பேச்சாக இல்லாமல் விதியாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் ஜெபராஜ் தெற்கத்திக்காரர், இந்த மாதிரி விஷயங்களை நம்பாதவர் என்று பெயர் எடுத்தவர், என்றாலும் ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டு, தூக்கிப் பார்த்தவர் பெயர், வயது, எழும்பியதா என்று மூன்று பத்தி பிரித்து, ஒரு ஏட்டையாவைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

ஜனங்கள் வந்தார்கள். வாசலில் பந்தல் போட்டாயிற்று, பந்தலுக்கு எதிரே ஒரு டீக்கடை வந்தது, டீக்கடைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்றார்கள். ஒப்பாரிக்காரிகளுக்குத் தெரிந்த பாட்டெல்லாம் மூன்றாம் நாளோடு தீர்ந்துபோய், நாலாம் நாள் அவர்கள் தங்கள் வீட்டுச் சாவுகளுக்காக அழுதார்கள், ஐந்தாம் நாள் மருமகள்களைப் பற்றிப் பேசினார்கள். மாரியம்மன் பண்டிகைக்குக் கம்பம் நட வேண்டிய நாள் வந்து, ஊருக்குள் பிணம் கிடக்கக் கம்பம் நடக் கூடாது என்று தள்ளி வைத்தார்கள், மறுபடியும் வந்தது, மறுபடியும் தள்ளினார்கள். இரண்டு கல்யாணங்கள் நின்றன. தூக்கிப் பார்க்க வந்தவர்கள் வரிசையில் நிற்கும்போது கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் எல்லோருக்கும் முகம் சுண்டிப்போனது. ஏனென்றால் வையாபுரி சாக வேண்டும் என்று ஒரு தடவையாவது நினைக்காதவர்கள் அந்த ஊரில் குறைவு, நினைத்ததும் செய்ததில் சேருமா சேராதா என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் அக்குளில் கைவிட்டு இழுத்துப் பார்த்து, அவர் அசையவில்லை என்று தெரிந்ததும், நிமிர்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஏட்டையா எழுதினார், எழும்பவில்லை.

மோகனசுந்தரத்தைப் புதன்கிழமை கூட்டிவந்தார்கள். கைவிலங்கைக் கழற்றிவிட்டு, தூக்கு என்றார்கள். அவன் குனிந்து, இரண்டு கையையும் முதுகுக்கடியில் கொடுத்து இழுத்தான், நெற்றி நரம்பு புடைக்க இழுத்தான். உடம்பு எழும்பவில்லை. சாந்தாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கடவுளே என்று வாய்க்குள் சொன்னாள், இனி விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். ஆனால் இன்ஸ்பெக்டர், இவன் தம் கட்டி நடிக்கிறான் என்றார். எழும்பியிருந்தால் இவன்தான், எழும்பாவிட்டால் இவன் இழுக்கவில்லை. அவர் கெட்ட மனுஷர் இல்லை. மேலிருந்து நாளுக்கு மூன்று தடவை போன் வருகிறது, கையில் துண்டு இருக்கிறது, துண்டுக்குச் சொந்தக்காரன் இருக்கிறான், அதற்கு மேல் அவருக்கு யோசிக்க நேரம் இல்லை.

அதற்கு முந்தின நாளே பாவாயம்மாள் இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து கைகூப்பி நின்றிருந்தாள். நாந்தானுங்க சாமி கொன்னுபோட்டேன், அவனை உட்டுடுங்க என்றாள். இன்ஸ்பெக்டர் எழுந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார், அவள் கையில் தண்ணீர் தளும்பிச் சேலையில் சிந்தியதைப் பார்த்தார், எல்லாத் தாயும் இப்படித்தாம்மா சொல்லுவாங்க என்றார். பந்தலில் இருந்த பொம்பளைகள் எல்லோரும் அழுதார்கள். தாலி இறங்காதவள் பிணத்துக்கு முன்னால் வரக் கூடாது, சாங்கியம் முடிகிறவரை உள்ளறையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் விட்டார்கள். அவளைத் தூக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சாந்தாமணிக்கும் தோன்றவில்லை.

சாந்தாமணிக்குத் தோன்றியதெல்லாம் அண்ணன் தனபாலைப் பற்றித்தான். மோகன் பிறந்தபோது அம்மா ஆறு மாதம் படுக்கையில் கிடந்தாள், பன்னிரண்டு வயதுச் சாந்தாமணிதான் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தாள், அவன் முதல் பல் கடித்தது அவள் தோளைத்தான். தினமும் ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டுபோனாள். முதல் நாள் அவன் நின்றுகொண்டு வாங்கினான், மூன்றாம் நாள் சுவரில் சாய்ந்துகொண்டு வாங்கினான், ஐந்தாம் நாள் நடக்க முடியாமல் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து வாங்கினான். பாதம் இரண்டும் வீங்கிப் பளபளவென்றிருந்தன. அவன் சோற்றைப் பிசைந்துகொண்டு தலை நிமிராமல், "அக்கா, நாளைக்குக் கேட்டா ஆமான்னு சொல்லிடலாம்னு இருக்கறேன்" என்றான்.

அவள் வீட்டுக்கு வந்ததும் நேராகத் தனபாலிடம் போனாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்க்க, நீங்க இன்னும் தூக்கிப் பாக்கலீங்களே அண்ணா என்றாள். தனபால் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் போனான், அவன் கை நடுங்கியது, நடுக்கத்தைப் பார்த்ததும் சாந்தாமணிக்கு இவன்தான் என்று உறுதியாகிவிட்டது. அவன் இழுத்தான். இடுப்பு பிடித்துக்கொண்டு அப்படியே மடங்கி விழுகிறவரை இழுத்தான். உடம்பு எழும்பவில்லை. தரையில் கிடந்தபடியே அவன் அழுதான், நிம்மதியில் அழுகிறவன் அழுகை அது என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "நான் நெனச்சிருக்கறேன் சாந்தா. எத்தனையோ தடவ நெனச்சிருக்கறேன். அதுக்கோசரம் எழும்பிருமோன்னு பயமாப் போச்சு."

அப்படியென்றால் இனி யார்? ஒருத்தரும் மீதியில்லை. அன்று ராத்திரி முழுக்க அவள் படுக்கவில்லை. காலையில் குளித்து, வேறு சேலை கட்டி, இன்ஸ்பெக்டர் வந்து நோட்டைப் பார்க்கிற நேரமாகப் பார்த்து அவர் முன்னால் போய் நின்று, அப்பாவை நான்தான் கொன்றேன் என்று சொன்னாள். இன்ஸ்பெக்டர் அலுத்துப்போன முகத்தோடு கட்டிலைக் காட்டினார். அவள் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். என் மனசில் உள்ளது உங்களுக்குத் தெரியுமல்லவா அப்பா, ஒரு விரற்கடை எழும்பினால் போதும், வாழ்நாளில் உங்களிடம் நான் எதையும் கேட்டதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அவர் தோளைப் பிடித்தாள். பிடித்து இழுத்தாள். கட்டில் சட்டத்தில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தாள், நகம் இரண்டு பெயர்ந்து ரத்தம் வந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் பட்டது, பொம்பளைகள் வந்து அவளைப் பிரித்து எடுக்கிறவரை இழுத்தாள். அவர் அசையவில்லை. உயிரோடு இருந்தபோது எப்படி எதையும் தரமாட்டாரோ அப்படியே கிடந்தார். ஏட்டையா பேனாவை உதறிவிட்டு எழுதினார், மகள், நாற்பத்தொன்று, எழும்பவில்லை.

ஒன்பதாம் நாளுக்குள் ஊர் சலித்துவிட்டது. வரிசை குறைந்தது. மதியச் சோற்றுக்கு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், ஏட்டையா பந்தலில் தூங்கிப்போனார், உள்ளறையில் அம்மாவுக்குக் காவலாக இருந்த பொம்பளைகளும் ஒவ்வொருத்தியாக நழுவிவிட்டார்கள். சாந்தாமணி அம்மாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள். உள்ளறையில் அம்மா இல்லை. அப்பா கிடந்த அறையில் யாரோ நடமாடுகிற சத்தம் கேட்டது. கதவோரம் போய்ப் பார்த்தாள். பாவாயம்மாள் புருஷனின் வேட்டி விலகியிருந்ததைச் சரி செய்தாள், முகத்தைத் துடைத்தாள், பிறகு ஒரு கையை அவர் தோளுக்கடியிலும் இன்னொரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து, காய்ச்சல்காரக் குழந்தையைப் புரட்டுகிற மாதிரி அவரை மெல்லத் தூக்கி, சுவர்ப் பக்கம் முகம் வருமாறு திருப்பிப் படுக்க வைத்தாள்.

கஞ்சிக் கிண்ணம் சாந்தாமணியின் கையிலேயே இருந்தது. அவள் அதைக் கீழே போடவில்லை.

"ஒரே பக்கமா எத்தனை நாளைக்குக் கெடப்பாரு கண்ணு" என்றாள் பாவாயம்மாள், மகளைப் பார்த்ததும். "முதுகு வெந்து போயிருமில்ல."

"அம்மா, உனக்குக் கனமாவே இல்லையா?"

"இல்லையே. பஞ்சு மூட்டையாட்டத்தான் இருக்குது." அவள் மகள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள். "நெசமாலுமே யாருக்கும் தூக்க முடியலையா? நாள் நல்லா இல்லைன்னு சாங்கியத்துக்குப் போட்டு வெச்சிருக்கறாங்கன்னல்ல நான் நெனச்சேன்."

உள்ளறைக்குள்ளேயே இருந்தவளுக்கு ஊர் விதி தெரியாமல் போயிருந்தது. அவளிடம் யாரும் சொல்லவில்லை, அந்த வீட்டில் அவளிடம் எதையும் சொல்கிற வழக்கம் இல்லை. சாந்தாமணி கதவைச் சாத்திவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாவாயம்மாள் ஒளிக்கவில்லை. இன்ஸ்பெக்டரிடம் அன்றைக்கே சொன்னேனே, நம்பவில்லையே என்று ஆரம்பித்துச் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு வையாபுரி வக்கீலோடு போனில் பேசினார். வடக்கே செத்த இரண்டு ஆட்களின் வழக்கில், அந்த வண்டியும் எந்திரமும் சின்னவன் பொறுப்பில் இருந்ததாகக் காட்டிவிடலாம், அஞ்சாறு வருஷம் கிடைக்கும், வயசுப்பையன், தாங்குவான் என்றார். கேட்டுக்கொண்டிருந்த பாவாயம்மாள் ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் காலைப் பிடித்தாள். வேண்டாமுங்க, எந்திரம் ஆகாதுன்னு சொன்னவனே அவன்தானுங்களே என்றாள். பெரியவன் போனால் தொழில் போய்விடும், சின்னவன் போனால் ஒன்றும் போகாது என்றார் அவர்.

"சொல்லிப்போட்டுத் தூங்கிட்டாரு கண்ணு" என்றாள் பாவாயம்மாள். "சொன்ன வாய் மூடறதுக்குள்ள தூக்கம் வந்துருச்சு அவருக்கு. குறட்டை உட்டாரு. அதைக் கேட்டுக்கிட்டு எந்நேரம் நின்னேன்னு தெரியல. அப்பறம் கொடியில கெடந்ததை எடுத்தேன். கட்டில் சட்டத்துல சுத்தி இழுத்தேன். யாரு துண்டுன்னு பாத்தனா? பாத்திருந்தா என்ற சேலையையே எடுத்திருப்பனே."

அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். மகனைக் காப்பாற்ற என்று நினைத்துச் செய்த காரியத்தில் மகனுடைய துண்டை எடுத்துவிட்டாள், அதற்காகத்தான் அழுதாள், வேறு எதற்காகவும் அழவில்லை.

சாந்தாமணி தனபாலிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பல தடவை நினைத்தாள், ஆனால் அப்போது அவளுக்கு அதைத் தனியாகத் தாங்கப் பலம் இல்லை. தனபால் பங்காளிகள் நாலு பேரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினான். புருஷனைக் கொன்றவள் வயிற்றில் பிறந்தவர்கள் என்று ஆகிவிட்டால் அவனுடைய இரண்டு பெண்களையும் எவன் கட்டுவான் என்று ஒருவர் கேட்டார். கிழவி இன்னும் எத்தனை நாள், அவள் ஏன் ஜெயிலில் சாக வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார். கடைசியில் தனபால் வெளியே வந்து, தங்கையின் தலையில் கை வைத்து, அம்மாவைத் தானிய அறையில் வைத்துப் பூட்டிவிடலாம், யார் கண்ணிலும் பட வேண்டாம் என்றான். மோகனை நல்ல வக்கீல் வைத்து மெதுவாக மீட்டுக்கொள்ளலாம் என்றான்.

"வயசுப்பையன் சாந்தா" என்றான். "தாங்குவான்."

அவன் தெரிந்து சொல்லவில்லை. அப்பா போனில் சொன்னது அவன் காதில் விழுந்ததே இல்லை. அதனால்தான் சாந்தாமணி தன் தலையிலிருந்து அவன் கையை எடுத்துவிட்டாள். அந்தக் குரல் கட்டிலில் கிடக்கிறவரோடு போகாது, யாரை எரித்தாலும் போகாது என்று அவளுக்கு அந்த நிமிஷம் தெரிந்தது.

தானிய அறைக்குத் தனபால் பூட்டுப் போட்டு சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். ஆனால் அந்த வீட்டின் ஒவ்வொரு பூட்டுக்கும் மறுசாவி அடுப்படி அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது, பதினோரு வருஷமாக அது சாந்தாமணியின் பொறுப்பு. மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் அந்தச் சாவியோடு கதவுக்கு முன்னால் போய் நின்றாள். திறந்தால் அம்மா போய்விடுவாள். திறக்காவிட்டால், எப்படியோ இதுவரை தாங்கிவிட்ட தம்பி இன்றோ நாளையோ ஆமாம் என்று சொல்லிவிடுவான், அவன் சொன்னதை உடம்பு எழும்பாததுகூடப் பொய்யாக்காது. சாவி கையில் வேர்த்து வழுக்கியது. எத்தனை நேரம் நின்றாளோ, உள்ளே இருந்து பாவாயம்மாள், அவள் நிற்பது தெரிந்துபோய், "தொற கண்ணு" என்றாள். "நீ தொறக்கல. காத்துக்குத் தொறந்துக்கிச்சுன்னு வெச்சுக்கோ."

சாந்தாமணி திறந்தாள். காற்று ஒன்றும் அடிக்கவில்லை.

பாவாயம்மாள் நேராகக் கட்டிலுக்குப் போனாள், ஏட்டையா என்ன என்று கேட்பதற்குள் ஒரு கையைப் புருஷனின் கழுத்துக்கடியிலும் ஒரு கையை முழங்காலுக்கடியிலும் கொடுத்து, கிரேனால் தூக்க முடியாதவரைத் தூக்கினாள். அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. நோட்டு ஏட்டையாவின் மடியிலிருந்து வழுக்கி விழுந்தது. அவள் அறையைத் தாண்டி, நடுவறையைத் தாண்டி, வாசலைத் தாண்டி வந்தாள், பந்தலில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றார்கள், டீக்கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார். தனபால் வாசல் கேட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். பாவாயம்மாள், "தள்ளிக்கோ சாமி, அப்பாவைக் கொண்டுபோகோணும்" என்றாள். சின்ன வயதில் வழியில் நின்று விளையாடும்போது சொல்வது மாதிரிச் சொன்னாள். அவன் தள்ளிக்கொண்டான்.

ஸ்டேஷனுக்கு ஒன்றரை மைல். பங்குனி வெயிலில் தார் ரோடு மின்னியது. அவள் செருப்பு இல்லாமல் நடந்தாள், சாந்தாமணி பின்னால் நடந்தாள், சாந்தாமணிக்குப் பின்னால் ஊர் நடந்தது. எதிரே வந்த பஸ் ஓரம்கட்டி நின்றது. கோயில் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த மேளக்காரர்கள் மேளத்தைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்கள். வழியில் இரண்டு தடவை அவள் நின்றாள், கனத்தினால் இல்லை, முழங்கால் வலியால். இரண்டாம் தடவை நின்றபோது ஒரு பெண் ஓடிவந்து தன் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் வைத்தாள். பாவாயம்மாள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மேலே நடந்தாள்.

இன்ஸ்பெக்டர் மேஜையில் கிடந்த காகிதங்களின் மேல் அவரைக் கிடத்தினாள். அப்போது அவள் கை நடுங்கவில்லை.

"கொண்டாந்துட்டனுங்க" என்றாள். "இப்ப நம்பறீங்களா?"

ஜெபராஜ் எழுந்து நின்றார். பிறகு காகிதங்களை எடுக்க வையாபுரியின் தோளைத் தொட்டு நகர்த்தினார், உடம்பு நகர்ந்தது. ஒரு சாதாரணப் பிணத்தின் கனம்தான் இருந்தது. பத்து நாளாக வராத வாடை அந்த நிமிஷம் கிளம்பி அறையை நிறைத்தது. லாக்கப் சாவியை வேறு யாரிடமும் கொடுக்காமல் அவரே போய்த் திறந்தார்.

மோகனசுந்தரம் வீங்கிய காலோடு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தான். மேஜையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், யாரும் சொல்லாமலே அவனுக்கு விளங்கிவிட்டது. தரையில் உட்கார்ந்து அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டான். சாப்பிட்டயா என்று அவள் கேட்டாள். ஒரு பெண் போலீஸ் வந்து தோளைத் தொடுகிறவரை அவன் தலையை எடுக்கவில்லை.

அன்று சாயந்தரமே வையாபுரியை எரித்தார்கள். மறுநாள் கம்பம் நட்டார்கள், நின்ற கல்யாணங்களுக்கு வேறு நாள் பார்த்தார்கள். அவர் என்ன எடை இருந்திருப்பார் என்று கொஞ்ச காலம் டீக்கடையில் வாதம் நடந்தது, பதினாலு ரிக் வண்டியின் எடை என்று ஒரு கட்சி, அவர் தோண்டிய மண்ணின் எடை என்று ஒரு கட்சி. பிறகு மழை இல்லாதது பற்றிப் பேசினார்கள்.

முப்பதாம் நாள் வடக்கிலிருந்து சம்மன் வந்தது. செத்த இரண்டு ஆட்களின் வழக்கில் அந்த எந்திரத்துக்குப் பொறுப்பாளி மோகனசுந்தரம் என்று காட்டும் காகிதங்கள் எல்லாம் கோர்ட்டில் இருந்தன. வையாபுரி அவற்றில் மோகனிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியது வெள்ளிக்கிழமை, வங்கிக்காக என்று சொல்லி வாங்கியிருந்தார். பாவாயம்மாள் காலைப் பிடித்தது ஞாயிற்றுக்கிழமை. வக்கீலோடு அவர் போனில் பேசியதே அனுப்பியாயிற்று என்று சொல்லத்தான். இரண்டு நாள் பிந்திப்போய் அவள் அந்தத் துண்டைக் கையில் எடுத்திருந்தாள். தனபாலிடம் சாந்தாமணி மன்றாடினாள், உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். தனபால் அழுதான், தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதான், காகிதங்களை மட்டும் அவன் தொடவில்லை. மோகன் தானாகவே போய் ஆஜரானான். அக்கா, செத்தவர்களில் ஒருவனுக்குப் பத்தொன்பது வயதுதான், எவனாவது ஒருத்தன் உள்ளே போகத்தானே வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். ஆறு வருஷம் விதித்தார்கள்.

அண்ணன் வீட்டை விட்டு வந்து, இட்லிக் கடை ஒன்றில் மாவாட்டிப் பிழைக்கிற சாந்தாமணி, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சிறைக்கு அம்மாவை மனுப் போட்டுப் பார்க்கப் போவாள். முதல் தடவை போனபோதே அம்மா கம்பி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சின்னவன் நல்லாயிருக்கறானா என்று கேட்டாள். நல்லாயிருக்கறான் என்றாள் சாந்தாமணி. அவனை இங்கே வர வேண்டாம் என்று சொல், வந்தால் அழுவான் என்றாள் அம்மா. சொல்கிறேன் என்றாள். அடுத்த தடவை, அவனுக்குப் பெண் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். பார்க்கிறோம் என்றாள். அதற்கடுத்த தடவை பெண்ணுக்குப் பெயர் கேட்டாள், ஊர் கேட்டாள், நிறம் கேட்டாள், சாந்தாமணி பஸ்ஸில் வரும்போதே எல்லாவற்றையும் யோசித்துவைத்துக்கொண்டு வந்து சொன்னாள். பெண்ணுக்குத் தம்பி ஒருவன் உண்டு, அவளுக்குத் தையல் தெரியும், சிரித்தால் கன்னம் குழியும். பாவாயம்மாள் கேட்டுக் கேட்டு, மெலிந்துபோன முகத்தில் வெளிச்சம் வர உட்கார்ந்திருப்பாள். இங்கே படுத்ததும் தூக்கம் வந்துவிடுகிறது கண்ணு என்பாள்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அவள் வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற காவலர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"இங்க ஒருத்திக்கு மகன் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் உட்டாங்களாம் சாந்தா. மனு எழுதிக் குடுத்தா உடுவாங்களாம். நான் மணவறைப் பக்கம்கூட வரமாட்டேன். தள்ளி நின்னு பாத்துட்டு வந்தர்றேன். தேதி மட்டும் சொல்லு."

சாந்தாமணி அம்மாவைப் பார்த்தாள். மணி அடித்தது, நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னார், வலைக்கு அந்தப் பக்கம் அம்மா நகராமல் நின்றாள். சாந்தாமணி வைகாசி பதினொன்று என்றாள்.